கரகத்துக்குப் பின்னால் வந்த வரிசை

ஓட்டுப் போடும் நாளை ஆலங்கரைக்காரர்கள் இங்கிலீஷ் தேதியில் தெரிந்துவைத்திருந்தார்கள். அம்மனுக்குக் காப்புக் கட்டும் நாளைத் தமிழ்த் தேதியில் தெரிந்துவைத்திருந்தார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று ஊரில் ஒரு மண்டைக்கும் தோன்றவில்லை. எழுபதாம் வருஷத்து ஆடி மாசம், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் கொட்டு முழங்கக் காப்புக் கட்டி முடித்து, எல்லோரும் நிம்மதியாகக் கஞ்சி குடிக்க உட்கார்ந்த பிறகுதான் கல்லலிலிருந்து தபால்காரர் இராமு சைக்கிளில் வந்து சேர்ந்தார்.

வேப்பிலைத் தோரணத்தைப் பார்த்ததும் சைக்கிளை விட்டு இறங்காமலே ஒரு காலை ஊன்றி நின்றார்.

"என்னய்யா, காப்புக் கட்டிட்டீகளா? வர்ற ஞாயித்துக்கிழமை பஞ்சாயத்து ஓட்டாச்சே!"

ஊரே வாயில் வைத்த கஞ்சியை விழுங்க மறந்துபோயிற்று.

ஆலங்கரையில் காப்பு என்றால் விளையாட்டுக் காரியமில்லை. அம்மன் கையிலும் பூசாரி கையிலும் நேர்ந்துகொண்டவர்கள் கையிலும் மஞ்சள் கயிறு ஏறிவிட்டால், அடுத்த செவ்வாய் பொங்கல் வைத்துக் கயிற்றை அவிழ்க்கிறவரை ஊர்த் தண்ணீர் குடிக்கிற யாரும் எல்லைக்கல்லைத் தாண்டக் கூடாது. வெளியூர்க்காரர் வரலாம், போகலாம். ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டால் அவரும் ஊர்க்காரர்தான், பொங்கல் முடிகிறவரை நகர முடியாது. அதனால்தான் இராமு அந்த வாரம் முழுக்க ஆலங்கரையில் யார் மோர் நீட்டினாலும் பாம்பைக் கண்டவர்போலப் பின்வாங்குவார்.

ஓட்டுச்சாவடியோ ஆற்றுக்கு அந்தப் பக்கம், பெரியவயல் பள்ளிக்கூடத்தில். எல்லைக்கல் ஆற்றுக்கு இந்தப் பக்கம்.

இதைக் கேட்டதும் சின்னத்தாயி கஞ்சிக் கலயத்தைக் கீழே வைத்தாள். அவள் கையிலும் காப்பு இருந்தது. தீச்சட்டி எடுப்பதாக நேர்ந்திருந்தாள். போன ஐப்பசியில் அவள் மகள் புஷ்பவள்ளிக்கு இடுப்புவலி கண்டபோது ஆற்றில் வெள்ளம் இரண்டு கரையும் புரண்டது. கட்டிலில் போட்டுத் தூக்கிக்கொண்டு கரைவரை போனவர்கள், தண்ணீர் வடியட்டும் என்று விடிய விடிய மழையில் நின்றார்கள். தாய் பிழைத்தாள். பிள்ளை பிழைக்கவில்லை. அந்த இடத்தில் வெள்ளத்திலும் வண்டி போகிற மாதிரி ஒரு தாம்போதி, கல்லும் சிமெண்ட்டும் போட்ட ஒரு பாதை, கட்டித் தாருங்கள் என்று ஆலங்கரை கேட்காத நாளில்லை. கேட்டு என்ன? ஆலங்கரையும் பெரியவயலின் மேலத்தெருவும் சேர்ந்து ஒரே வார்டு. எண்ணிக்கையில் ஆலங்கரைதான் பெரிது. ஆனால் ஒவ்வொரு தேர்தலிலும் வெயில், உழவு, தூரம் என்று சொல்லிப் பாதிப் பேர் ஆற்றைத் தாண்டுவதில்லை. பெண்களோ அறவே போனதில்லை. மேலத்தெரு மாயக்கண்ணனே போன இரண்டு தடவையும் மெம்பர் ஆனார். அவர் வீட்டு வாசலுக்குச் சிமெண்ட் வந்தது. ஆற்றுக்கு வரவில்லை.

இந்தத் தடவை ஆலங்கரையிலிருந்தே ஆள் நின்றிருந்தார். சின்னத்தாயியின் கொழுந்தனார் முறை கருத்தையா. வீடு வீடாகப் போய்ப் பொம்பளைகளிடம் பேசி, "நம்ம காலு நடந்தாத்தான் தாம்போதி வரும்" என்று சத்தியம் வாங்காத குறையாகச் சொல்லி வைத்திருந்தவள் சின்னத்தாயி. அத்தனையும் ஒரு மஞ்சள் கயிற்றில் போய்விடும்போல இருந்தது.

ஓட்டுப்பெட்டியை ஆலங்கரை ஊர்ச்சாவடிக்கே கொண்டுவரச் சொல்லி ஒரு மனு எழுதி இராமுவிடம் கொடுத்தனுப்பினார்கள். மறுநாள் அவர் கல்லல் யூனியன் ஆபீஸ் பதிலோடு வந்தார். ஓட்டுச்சாவடியெல்லாம் எப்போதோ முடிவாகிவிட்டது, இனி ஒரு அடி நகர்த்த முடியாது, வேண்டுமானால் திருவிழாவைத் தள்ளி வையுங்கள்.

"கட்டுன காப்பைத் தள்ளி வைக்கிறதா? அவுக வீட்டுல கட்டுன தாலியைத் தள்ளி வைப்பாகளாமா?" என்று பூசாரி கோட்டைச்சாமி குதித்தார். குதித்து என்ன செய்ய?

அன்று பொழுது சாய, கோயில் வாசலில் ஊர் கூடியது. ஆண்கள் முன்னால், பெண்கள் வேப்பமரத்துப் பக்கம். கருத்தையா தலையைத் தொங்கப் போட்டிருந்தார். சின்னத்தாயியின் புருஷன் வீரையா தூணில் சாய்ந்திருந்தார். அம்மன் கரகம் எடுக்கிற உரிமை அவர் வீட்டுக்கு. அவர் அதிகம் பேச மாட்டார்; பேசவேண்டிய பாதியைப் பெண்டாட்டி பேசிவிடுகிறாள் என்று ஊரில் கேலி உண்டு.

ஆளுக்கொன்று சொல்லி, கடைசியில் "அஞ்சு வருஷம் பொறுப்போம்" என்ற இடத்தில் வந்து நின்றார்கள். அஞ்சு வருஷம் என்றதும் சின்னத்தாயிக்குப் பொறுக்கவில்லை. அஞ்சு ஐப்பசி. எத்தனை வீட்டில் எத்தனை பிள்ளைத்தாய்ச்சி.

"பூசாரியய்யா, ஒண்ணு கேக்கேன். கோவிச்சுக்காதீக" என்று எழுந்து நின்றாள். "பஞ்சத்து வருசம் நம்ம ஊருணி வத்திப்போச்சுல்ல, அப்பக் கரகத்துக்குத் தண்ணி எங்கிட்டு எடுத்தீக?"

"பெரியவயல் ஊருணியிலதான்."

"காப்புக் கட்டியா, கட்டாமயா?"

"கட்டித்தான்." பூசாரிக்குப் பேச்சு போகிற திசை பிடிபடவில்லை. "கரகம் முன்னாடி போச்சு, ஊரு பின்னாடி போச்சு. ஆத்தா போற எடம் பூராவும் அவ எல்லைதானே, தாயி."

"அப்ப ஞாயித்துக்கிழமையும் ஆத்தா முன்னாடி போகட்டுமே. நாங்க பின்னாடி வாரோம்."

ஒருத்தர் சிரித்தார். "ஆத்தாளுக்கு ஓட்டு இருக்கா மதினி?" என்றார் கருத்தையாவே.

"ஆத்தாளுக்கு இல்ல. அவ பிள்ளைகளுக்கு இருக்கு" என்றாள் சின்னத்தாயி. சாமி காரியத்தில் வாய் வைத்துவிட்டோமே என்று பயந்துபோய் வீரையாவைப் பார்த்தாள். அவர் தூணை விட்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

பூக்கட்டிப் பார்ப்பது என்று முடிவாயிற்று. வெள்ளை அரளியை ஓர் இலையிலும் சிவப்பை ஓர் இலையிலும் மடித்துக் கட்டி அம்மன் காலடியில் உருட்டிவிட்டார் பூசாரி. வெள்ளை என்றால் உத்தரவு. கூட்டத்தில் இருந்த ஒரு சின்னப் பெண்ணைக் கூப்பிட்டு எடுக்கச் சொன்னார்கள். அவள் எடுத்ததைப் பூசாரி பிரித்தார். இலைக்குள் வெள்ளை அரளி, அப்போதுதான் பறித்த மாதிரி ஈரத்தோடு இருந்தது. குலவைச் சத்தம் ஆற்றுக்கு அந்தப் பக்கம்வரை கேட்டிருக்கும்.

"உத்தரவு ஆச்சு. ஆனா ஒண்ணு கேட்டுக்கங்க" என்றார் பூசாரி. "எல்லைக்கு வெளிய கரகம் தரையில எறங்கக் கூடாது. போயி திரும்புற வரைக்கும் தலையிலதான். தலையில இருக்கறப்ப வாயும் திறக்கக் கூடாது. நான் வர முடியாது, இங்க விளக்குக்கு ஆள் வேணும். வீரையா, உன்னால ஆகுமா?"

வீரையா வாயைத் திறக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை கரகம் சோடிக்கவே உச்சிப்பொழுது ஆகிவிட்டது. நிறைய நீர் வார்த்த பித்தளைச் செம்பு, அதன்மேல் முழ உயரத்துக்குப் பூக்கூம்பு, சுற்றி வேப்பிலை. வீரையா மஞ்சள் வேட்டியோடு எல்லைக்கல்லைத் தாண்டி மணலில் காலை வைத்தார். பின்னால் ஊர். நடக்க முடியாதவர்களை வண்டியில் ஏற்றியிருந்தார்கள். கைப்பிள்ளைக்காரிகள், புதுப்பெண்கள், வாசலைத் தாண்டிப் பழக்கமில்லாதவர்கள், அத்தனை பேரும் மஞ்சள் குளித்த முகத்தோடு வந்தார்கள். ஆற்றின் நடுவில் சின்னத்தாயி திரும்பிப் பார்த்தாள். இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை சனம். தன் ஊர் இவ்வளவு பெரிசா! உள்ளே இருந்து பார்த்தவரை அது அவளுக்குத் தெரிந்ததே இல்லை.

பள்ளிக்கூடத்துக்கு நூறு கஜத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தது. அங்கே கொட்டு முழக்கத்தை நிறுத்தினார்கள். அதுவரை காதைப் பிளந்த மேளம் நின்றதும், அத்தனை பேர் நடக்கிற காலடிச் சத்தம் மட்டும் கேட்டது. பெரியவயல் தெருவில் கதவுகள் திறந்தன. வெளியே வந்தவர்கள் செருப்பைக் கழற்றினார்கள்.

ஓட்டுச்சாவடி அதிகாரி ஞானமணி ஒக்கூரிலிருந்து வந்திருந்த வாத்தியார், சர்ச்சுக்குப் போகிற வேதக்காரர். காலையிலிருந்து மேலத்தெரு ஓட்டு மட்டும் விழுந்து முடிந்து, ஈ ஓட்டிக்கொண்டிருந்தவர் வாசலுக்கு வந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். பிறகு படியிலேயே செருப்பை விட்டுவிட்டுக் கோடுவரை நடந்து வந்தார்.

"இவ்வளவு பேருமா ஓட்டுக்கு வந்திருக்கீங்க?"

"ஆமாங்கய்யா. ஆத்தா கூட்டிட்டு வந்திருக்கா" என்றாள் சின்னத்தாயி. "அவ உள்ள வரமாட்டா. அந்த வேம்படியில நிப்பா. நாங்க முடிச்சிட்டுக் கூட்டிட்டுப் போயிருவோம்."

ஞானமணி கரகத்தைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பினார். "ஆம்பளைக்கு ஒரு வரிசை, பொம்பளைக்கு ஒரு வரிசை. கைப்பிள்ளைக்காரங்க முன்னாடி வாங்க" என்று அவரே நின்று ஒழுங்குபடுத்தினார்.

ஆண்கள் வரிசை ஓடியது. பெண்கள் வரிசை நகர்ந்தது என்று சொல்லலாம். புருஷன் பெயரைக் கேட்டால் இவள் சொல்ல மாட்டாள். பின்னால் நிற்பவள் சொல்லவேண்டும். அவள் முறை வரும்போது அவளுக்கும் பின்னால் நிற்பவள். ஞானமணி கோபித்துக்கொள்ளவில்லை. அடுத்தவளை முன்கூட்டியே பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டார்.

சின்னத்தாயி மறைப்புத் தட்டிக்குப் பின்னால் போனாள். ஒரு சின்ன மேஜை, ஒரு முத்திரை, ஒரு தாள். சுற்றிலும் யாருமில்லை. பிறந்ததிலிருந்து எந்தக் காரியத்தையும் யாரும் பார்க்காமல், யாரிடமும் கேட்காமல் அவள் தனியாகச் செய்ததில்லை. புருஷனுக்குக்கூடத் தெரியாது. கர்ப்பக்கிரகத்துக்குள் வந்துவிட்டவள் மாதிரி உடம்பெல்லாம் சிலிர்த்தது. முத்திரையைக் குத்திவிட்டும் கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். வெளியே "சீக்கிரம் வாத்தா" என்று யாரோ கூப்பிட்ட பிறகுதான் வந்தாள்.

வேம்படிக்கு வந்து பார்த்தபோது அவளுக்குப் பகீரென்றது. வெயில் சாய்ந்து, நிழல் விலகி, வீரையா முழு வெயிலில் நின்றுகொண்டிருந்தார். கழுத்து நரம்பு கயிறாகப் புடைத்திருந்தது. இடம் மாறி நில்லுங்கள் என்று சொன்னால் கேட்பார்தான். ஆனால் அங்கே இருந்த நிழலில் எல்லாம் கிழவிகள் உட்கார்ந்திருந்தார்கள். அதைப் பார்த்துத்தான் அவர் நகரவில்லை என்று அவளுக்குத் தெரியும்.

அப்போது மேலத்தெருவிலிருந்து ஒரு பெண் குடத்தில் மஞ்சள் தண்ணீரோடு வந்தாள். சாமி தன் தெருவில் வெயிலில் நிற்கும்போது கண்ணை மூடிக்கொண்டு வீட்டுக்குள் இருக்க எந்தப் பொம்பளைக்கு மனம் வரும்? வீரையா காலில் ஊற்றி விழுந்து கும்பிட்டாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி. அப்புறம் தெருவே குடமும் செம்புமாக வந்துவிட்டது. காலையில் மாயக்கண்ணனுக்குக் குத்திவிட்டு வந்த கைகள்தான். கருத்தையா ஒரு மூலையில் நின்று வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

ஐந்து மணி ஆனதும் மாயக்கண்ணன் சாவடிக்குள்ளிருந்து வந்தார். "நேரம் முடிஞ்சிருச்சு சார். கதவைச் சாத்துங்க."

வரிசையில் இன்னும் பாதிப் பெண்கள் நின்றார்கள். சின்னத்தாயிக்கு உயிரே போய்விட்டது. ஞானமணி மாயக்கண்ணனுக்குப் பதில் சொல்லாமல் உள்ளே போய், கையெழுத்துப் போட்ட துண்டுச் சீட்டுகளோடு வந்தார். வரிசையின் வாலுக்குப் போய், கடைசியில் நின்றவளிடமிருந்து தொடங்கி ஒவ்வொருவருக்கும் ஒன்று கொடுத்துக்கொண்டே முன்னால் நடந்தார். "அஞ்சு மணிக்கு வரிசையில நின்னவங்க எத்தனை பேரானாலும் ஓட்டுப் போடலாம். ராத்திரி ஆனாலும் நான் இருக்கேன். யாரும் பயப்படாதீங்க."

கடைசிச் சீட்டு அவர் கையில் மிஞ்சியது. அதைக் கொண்டுபோய் வேம்படியில் வீரையாவின் இடுப்பு மடியில் செருகினார்.

மாயக்கண்ணனுக்கு வந்ததே கோபம். "அவரு எந்த வரிசையில நின்னாரு? தள்ளி மரத்தடியிலல்ல நிக்காரு!"

ஞானமணி திரும்பினார். அவர் குரல் உயரவே இல்லை. "இந்த வரிசையே அவருக்குப் பின்னாடிதானே வந்துச்சு? வரிசைக்குத் தலை அவரு. ஆட்சேபணையை எழுதிக் குடுங்க, மேல அனுப்புறேன்."

மாயக்கண்ணன் எழுதிக் கொடுக்கவில்லை. சுற்றிலும் அவர் தெருப் பெண்களே ஈரக் குடத்தோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பெண்கள் வரிசை ஒருவழியாகக் கரைந்தது. மிச்சம் ஒரே ஓட்டு. அப்போதுதான் ஊர் முழுக்க ஒரே சமயத்தில் விழித்துக்கொண்டது. வீரையா உள்ளே போனால் கரகம் எங்கே? தரையில் இறக்கக் கூடாது. கரகத்தோடு உள்ளே போனால், தட்டிக்குப் பின்னால் குனிந்து முத்திரை குத்தவேண்டும். பூசாரியோ ஆற்றுக்கு அந்தப் பக்கம்; வேறு வீட்டார் கரகத்தைத் தொட உரிமையில்லை. புறப்படும்போது ஆயிரம் யோசித்தவர்கள் இதை யோசிக்கவில்லை. இந்த ஊர்க்காரர்களின் ராசி அப்படி.

"ஒரு ஓட்டுத்தானே, போகட்டும் விடுங்க" என்றார் ஒருவர்.

சின்னத்தாயி புருஷன் முகத்தைப் பார்த்தாள். அவர் பேச முடியாது. ஆனால் அந்தக் கண்ணில் இருந்தது அவளுக்குப் புரிந்தது. ஊரையெல்லாம் கூட்டிவந்த மனுஷன், தான் மட்டும் போடாமல் திரும்பப் போகிறார். மழையில் மகளின் கட்டிலை ஒரு தோளில் தாங்கிக்கொண்டு விடியும்வரை நின்ற மனுஷன்.

அவள் வேப்பிலையை ஒடித்து வளையமாகச் சுற்றித் தன் தலையில் வைத்துக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றாள்.

"பொம்பளை தலையிலயா கரகம்?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"கையில காப்பு இருக்கு. செவ்வாக்கெழமையில இருந்து ஒருவேளைக் கஞ்சிதான் குடிக்கேன்" என்றாள் திரும்பாமலே. "ஆத்தாளைத் தரையில வைக்கிறதா, எந்தலையில வைக்கிறதா? நீங்களே சொல்லுங்க."

வீரையா இரண்டு கையாலும் கரகத்தைத் தூக்கி அவள் தலையில் வைத்தார். அவர் கை விட்டதும் அதன் கனம் அவள் உச்சியில் இறங்கி முதுகெலும்பு வழியாகக் குதிகால்வரை போயிற்று. இவ்வளவு கனத்தையா இத்தனை நேரம் தாங்கினார்!

கருத்தையா ஜெயித்தாரா என்று கேட்பீர்கள். ஜெயித்தார். தாம்போதி வர மேலும் இரண்டு மழைக்காலம் ஆயிற்று. சர்க்கார் சிமெண்ட்டுக்குக் கால் கொஞ்சம் மெதுவாகத்தான் நடக்கும். ஞானமணி மேலே எழுதிப் போட்டதில், அடுத்த தேர்தலுக்கு ஓட்டுப்பெட்டியே ஆலங்கரைச் சாவடிக்கு வந்துவிட்டது. ஆனால் அந்தச் சாயங்காலம் இதெல்லாம் சின்னத்தாயிக்குத் தெரியாது. ஆடாமல் நிற்கவேண்டும் என்பது ஒன்றுதான் அவளுக்குத் தெரியும்.

கூட்டம் விலகி வழி விட்டது. மாயக்கண்ணன் மனைவி அகிலாண்டேஸ்வரி வெள்ளிச் செம்போடு வந்தாள். அறுப்புக் கூலி கேட்டுப் போனால் சின்னத்தாயியை வாசல்படிக்கு வெளியே நிற்க வைத்துப் பேசுகிற அகிலாண்டேஸ்வரி. அவள் பட்டுச்சேலையோடு புழுதியில் மண்டியிட்டாள். வெடித்துப்போன அந்தப் பாதங்களில் மஞ்சள் தண்ணீரை ஊற்றி, தன் கையாலேயே தேய்த்துக் கழுவினாள்.

"ஆத்தா, எங்க பக்கத்தையும் கொஞ்சம் பாரு" என்றாள். அந்தக் குரலில் பாவனை இல்லை.

சின்னத்தாயி பேசக் கூடாது, குனியக் கூடாது. கண்ணீரைத் துடைக்கவும் முடியாது. அது பாட்டுக்கு வழிந்தது. எதிரே அவள் ஊர் மொத்தமும், பெரியவயல் பாதியும், படியில் வெறுங்காலோடு ஞானமணி வாத்தியாரும் கைகூப்பி நின்றார்கள். தன்னைக் கும்பிடவில்லை, ஆத்தாளைத்தான் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

வீரையா வெளியே வந்தார். விரலில் மை ஈரமாக இருந்தது. கரகத்தை வாங்கிக்கொள்ள வருகிறார் என்று எல்லோரும் ஒதுங்கினார்கள். அவர் அவளுக்கு எதிரே வந்து நின்று, பூக்கூம்பு நேராக இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்தார். பிறகு அவளைச் சுற்றிக்கொண்டு பின்னால் போய், ஊரோடு ஊராக நின்றார்.

"நட தாயி" என்றார். "பின்னாடி வாரோம்."